ஆறு விரல் மிகுந்த மதகுக் கதவு

செங்குவளை நாட்டின் ஏரிகள் நிறைக, கரைகள் நிலைக்க, கோமான் இளம்பரிதியாரின் குடைக்கீழ்க் குடிகள் பசியறியாது வாழ்க. ஆழியூர் வரைவு மண்டபங்கள் நான்கிற்கும் தலைவராகிய நெடுவேள் கீரனார்க்கு, அமைச்சர் ஆதன் அழிசி விடுக்கும் ஓலை. உமது ஊரும் சுற்றமும் நலமாகுக. வாழ்த்து இவ்வளவில் நிற்க.

பெருந்தச்சர் பூதங்கண்ணனாரை நீர் சிறைவைத்து இன்றோடு பதினொரு நாள். முத்திரையிட்ட வரைவை மீறி மதகுக் கதவைச் செதுக்கினார் என்பது குற்றம். செதுக்கியது உண்மை. ஏன் செதுக்கினார் என்று உம் ஓலையில் ஒரு வரியும் இல்லை.

கோமானின் பாட்டனார் காலத்தில் மதகை ஒருவரே வரைந்தார், அவரே மரம் தேர்ந்து கதவு செய்தார், மதகு பிழைத்தால் தாமே முதலில் மூழ்கும்படி, முதல் மழையில் ஏரி நிறையும்வரை மனைவி மக்களோடு கரையின் கீழே தங்கினார். ஏரிகள் பெருகின, ஒருவரால் ஆகவில்லை. தந்தையார் காலத்தில் வரைபவர் வேறு, செய்பவர் வேறு என்றாயிற்று. பின்பு வரையும் வேலையையே நான்கு மண்டபங்களுக்குப் பகுத்தோம். அவ்வாணையில் எம் முத்திரையும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கரைக்கீழ்த் தங்கும் வழக்கத்தை எந்த ஆணையும் நீக்கவில்லை. தங்க வேண்டியவர் யாரென்று தெரியாமற் போனதால் எவரும் தங்கவில்லை.

நீர் கசியாதிருக்க முதல் மண்டபம் இந்தக் கதவின் அகலத்தில் இரண்டு விரல் கூட்டிற்று. அதை அறியாத இரண்டாம் மண்டபம், கோடையில் மரம் சுருங்கும் என்று இரண்டு விரல் கூட்டிற்று. மூன்றாவது, தேய்மானத்துக்கென்று மேலும் இரண்டு. நான்காவது, மூன்று முத்திரையும் இருக்கக் கண்டு தன் முத்திரையை இட்டது. மதகை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

கதவு இறங்காது என்று பூதங்கண்ணனார் நான்கு மண்டபத்துக்கும் எழுதினார். தத்தம் இரண்டு விரல் சரியே என்று மூன்று மறுமொழிகள் வந்தன. நான்காம் மண்டபத்தார், கல்லை வெட்டி மதகின் வாயை அகலமாக்கும், உளியைச் சந்தனம் அரைக்கவா வைத்திருக்கிறீர் என்று எள்ளி எழுதினர். அதற்குள் மேகம் திரண்டது. மதகு மூடாவிட்டால் கீழே முந்நூறு குடிகளின் முற்றிய நெல் நீரில் போகும். அவர் ஆறு விரலையும் செதுக்கி எறிந்தார். கதவு இறங்கியது.

உம் காவலர் அவரைப் பிடித்த இடத்தைக் கேட்டறிந்தோம். கரையின் கீழே, பாய் விரித்து, மழையில் அமர்ந்திருந்தார். ஏரி நிறையட்டும், கதவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நானே வருகிறேன், ஓடிப்போக எனக்கு வயதில்லை என்றாராம். அதற்கும் அவர்கள் பொறுக்கவில்லை.

ஆகவே ஆணையாவது: இவ்வோலையைப் படித்த கையோடு சிறையைத் திறவும். மற்ற மூன்று ஏரிகளின் கதவுகளும் அதே வரைவில் வந்தவை. அவற்றைப் பூதங்கண்ணனார் சொன்னபடி திருத்தும். அடுத்த மழைக்கு மண்டபத்தார் நால்வரும் கரையின் கீழே தங்குக. பாய்கள் அரண்மனையிலிருந்து வரும். ஐந்தாவது பாய் எமக்கு.

இதை எழுதியவரும் சரிபார்த்தவரும் முத்திரையிட்டவரும் ஒருவரே. எவரும் இதில் இரண்டு விரல் கூட்ட வேண்டாம்.