லிஃப்ட் வந்த வீடு

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிவிடு, கஞ்சத்தனம் பண்ணாதே. அத்தையை விசாரித்ததாகச் சொல்.

நீ இங்கே வந்தால் நாலு மாடி ஏற முடியாதே என்று, வீட்டு ஓனரை நச்சரித்து லிஃப்ட் போட வைத்தேன் அல்லவா? எங்கள் கம்பெனி லிஃப்ட்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நானே நின்று மாட்டினேன். ஓடிய முதல் நாள் குடியிருப்பவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதமே எல்லோருக்கும் வாடகை ஏறிவிட்டது. போய்க் கேட்டேன். "லிஃப்ட் வச்ச வீடுன்னா சும்மாவா? நீ போட்டதுதானேப்பா!" என்று ஓனர் சிரிக்கிறார். கீழ்வீட்டுத் தையல்காரர் லிஃப்டில் ஒரு நாள்கூட ஏறியதில்லை. அவர்தான் முதலில் காலி செய்தார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நானும் நேற்று ஊருக்கு வெளியே ஓர் அறைக்கு மாறிவிட்டேன். கவலைப்படாதே, தரைத்தளம்தான், ஒரு படிகூட இல்லை. ஆனால் ஒற்றைக் கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கிறது. நீ வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. ஜன்னலுக்குத் திரை இல்லை, உன் பழைய சேலை ஒன்றை அனுப்பிவை. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

உன் வீட்டுக்காரன்