பயந்து பயந்து ஓட்டிய பாதை

13.08.2024, செவ்வாய்

சாட்டிக் கிணற்றிலிருந்து இன்று ஆறு தடவை தண்ணீர் ஏற்றினேன். புங்குடுதீவுக்கு இரண்டு, ஊர்காவற்றுறைக்கு மூன்று, நாரந்தனைப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. ஐந்தாவது தடவை உழவு இயந்திரத்தில் பூட்டிய தண்ணீர்ப் பவுசருக்குள் குழாயை விட்டுக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. கொழும்பு நம்பர், வெளிநாட்டு வேலை முகவர்.

"அன்ரனிட்டா லியோனா? லித்துவேனியா றக் சாரதி வேலைக்கு உங்கட பெயர் வந்திருக்கு. அடுத்த மாசம் வத்தளையில ஓட்டிக் காட்ட வேணும்."

தண்ணீர் வழிந்து செருப்பு நனைந்த பிறகுதான் குழாயை அடைத்தேன்.

விண்ணப்பம் போட்டது சித்திரையில். மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, வராது என்று நம்பி இருந்திருக்கிறேன். வராது என்ற தைரியத்தில்தான் போட்டேனோ?

என்ரை மனுசன் லியோனிடம் சொல்லவில்லை.

14.08.2024, புதன்

இன்றும் சொல்லவில்லை. மீன் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் மகள் நிலக்சனாவும் அப்படியே சாப்பிட்டு முடித்தார்கள்.

18.08.2024, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சொன்னேன். லியோன் முற்றத்தில் சக்கர நாற்காலியில் இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசம்."

"பனியிலை ஓடுவீரோ?"

"தெரியாது."

"என்னை ஆர் பாக்கிறது?"

ஐந்து வருடத்துக்கு முன் லியோன் கடலட்டை பிடிக்க முழுகியவர். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டார். அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சிறுநீர் கூடக் குழாய் வழியாகத்தான். அதற்குப் பிறகுதான் நான் உழவு இயந்திரம் ஓட்டப் பழகினேன். பிரதேச சபையில் தண்ணீர்ப் பவுசருக்கு ஆள் தேடினார்கள், போனேன். பிறகு கனரக வாகனத்துக்கும் லைசன்ஸ் எடுத்தேன். அல்லைப்பிட்டி ஊர் முழுக்க என்னைத் துணிஞ்ச பெம்பிளை என்கிறது. ஒரு நாளாவது பயப்படாமல் நான் திறப்பைத் திருப்பி மிசினைக் கிளப்பியது கிடையாது. ஆருக்குத் தெரியும் அது?

இப்போது வீதியோரம் எல்லாம் நீலக் குழாய்களை இறக்கி வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகக் குழாய்த் தண்ணீர் வரும், நல்லதுதான். வந்தால் பவுசர் நிற்கும். பவுசர் நின்றால் நானும் நிற்பேன்.

இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் பாரமாப் போனன் எண்டுதானே போறீர்" என்றார்.

02.09.2024, திங்கள்

லியோனுக்கு ஒரு புதுப் பழக்கம். போனில் றக் விபத்துகள் பார்க்கிறார். பனியில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற றக்குகள். போனை என் பக்கம் நீட்டுவார். முடியும்வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

பனி மட்டும் என்றால் பரவாயில்லை. வலப்பக்கம் ஓட வேண்டும். ஒரு பாஷையும் தெரியாது. றக்குக்குள்ளேயே தனியப் படுக்க வேண்டுமாம், கதவு இரண்டையும் உள்ளுக்குள் சீற் பெல்ற்றால் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் படுப்பார்களாம். அப்படி ஏன் கட்டுகிறார்கள்? ஆர் வருவார்கள் என்று? அதை ஒருவரும் சொல்லவில்லை.

நிலக்சனா கேட்டாள், "அம்மா, உங்களுக்குப் பயமில்லையோ?"

"இல்லை."

"எனக்குப் பயம்" என்றுவிட்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்தாள். பதினான்கு வயது. பொய் சொல்லாமல் இருக்கிறது அவள்தான்.

14.09.2024, சனி. வத்தளை

பதின்மூன்று பேர். பன்னிரண்டு ஆண்கள், நான். மூன்று பேர் என்னைச் சமையல் வேலைக்கு வந்தவள் என்று நினைத்து வழி விட்டார்கள்.

நீளமான பெட்டி பூட்டிய றக்கைப் பின்பக்கமாக எடுத்து, இரண்டு கூம்புகளுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். எனக்கு முன் ஓடிய ஜெகதீஸ், காரைநகரில் மண் ஏற்றுகிற ரிப்பர் ஓடுகிறவன், இரண்டு கூம்பையும் விழுத்திவிட்டு இறங்கி வந்தான். "அக்கா, பெட்டி எந்தப் பக்கம் போகுதெண்டே விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. உழவு இயந்திரமும் பவுசரும் இதே கதைதானே. பெட்டி இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்ரேறிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். புங்குடுதீவு ஒழுங்கைகளுக்குள் அதைத்தான் தினமும் செய்கிறேன். ஆனால் உள்ளங்கை வேர்த்து வழுக்குகிறது. துடைக்கிறேன், திரும்ப வேர்க்கிறது. நடுவில், ஆள் தெரிவு செய்ய வந்த வெள்ளைக்காரர் கையைத் தூக்கி நிற்பாட்டினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் போட்டோ எடுக்கத்தான் நிற்பாட்டினவராம்.

நான்கு பேர் தேர்வு. என் பெயரை வாசித்ததும் கக்கூசுக்குப் போய்ச் சத்தி எடுத்தேன்.

05.10.2024, சனி

கடவுச்சீட்டை விசாவுக்கு அனுப்பியாயிற்று.

27.11.2024, புதன். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி

எழுத்துக் கோணலாக வருகிறது. எழுதாவிட்டால் இது எனக்குள்ளேயே கிடந்து சுற்றும்.

மூன்று நாளாகப் புயல் மழை. நேற்றுக் காலை லியோனுக்கு நடுக்கம். குழாயில் சிறுநீர் கலங்கி வந்தது, பிறகு வரவே இல்லை. பத்து மணிக்கு உடம்பு கொதித்தது. பதினொரு மணிக்கு என்னை "மாக்கிறேற் அக்கா" என்றார். அது அவருடைய தமக்கையின் பெயர். என்னைத் தெரியவில்லை அவருக்கு.

அம்புலன்சுக்கு அடித்தேன். தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தின் மேலால் கடல் பாய்கிறது, தண்ணீர் வடிந்தால்தான் வரலாம் என்றார்கள். அவர்களில் பிழை இல்லை. அம்புலன்ஸ் வானின் உயரத்துக்கு அந்தத் தண்ணீருக்குள் ஓட ஏலாது.

பவுசருக்குப் பொறுப்பான பரமலிங்கம் அண்ணைக்கு எடுத்தேன்.

"உழவு மிசின் நிக்குது, மண் ஏத்திற பெட்டியும் நிக்குது" என்றார். "போ எண்டும் சொல்லேலாமல் கிடக்கு தங்கச்சி, போகாதை எண்டும் சொல்லேலாமல் கிடக்கு."

"எடுக்கிறன் அண்ணை."

அயலவர்கள் மெத்தையோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்துப் தார்ப்பாய்ப் படங்கால் மூடினார்கள். நிலக்சனாவும் ஏறினாள். இறங்கு என்றேன். "அப்பான்ரை தலையை ஆர் பிடிக்கிறது?" என்றாள்.

மண்டைதீவுச் சந்தியில் நின்ற பொலிஸ்காரர் கை காட்டி மறித்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விலகினார். அங்கிருந்து றோட்டு இல்லை. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவிலும் கடல். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். விளக்குக் கம்பங்கள் மட்டும் வரிசையாக நின்றன. கம்பத்திலிருந்து எவ்வளவு தள்ளி றோட்டு என்று எனக்குத் தெரியும். தெரியுமா? நூறு தரம் ஓடியிருக்கிறேன், ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லையே.

முதலாம் கியர். அலை வந்து பெட்டியை இழுக்கிற ஒவ்வொரு தரமும் மிசின் ஒரு சாண் தள்ளிப் போகிறது. ஒரு இடத்தில் பின்சில்லு வழுக்கியது. மாதாவே, மாதாவே எண்டு கத்தினன். எழுத வெட்கம்தான், நான் உடுப்போடேயே மூத்திரம் போயிட்டன். மழையிலை ஒருத்தருக்கும் தெரியாது.

பின்னால் நிலக்சனா சத்தமாகக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். "பதினேழு அம்மா. பதினெட்டு அம்மா." எதற்கு எண்ணுகிறாள் என்று முதலில் விளங்கவில்லை. தாங்கள் பின்னால் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியத்தான். ஒரு தரம் குரல் நின்றது. திரும்பிப் பார்க்க ஏலாது. திரும்பினால் ஸ்ரேறிங் ஆடும். "எண்ணடி!" என்று கத்தினேன். "இருபத்தாறு" என்றாள்.

பாலம் கடக்க முக்கால் மணித்தியாலம்.

கிருமி இரத்தத்தில் கலக்கத் தொடங்கிவிட்டதாம். "இன்னும் ரெண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால்..." என்று டொக்டர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

30.11.2024, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாரும் என்னைப் பார்க்க வருகிறார்கள். மிசினில் கடல் கடந்த பெம்பிளையாம். ஒரு தாதி போட்டோவும் எடுத்தார்.

ஒருவருக்கும் மற்றக் கணக்கு ஓடவில்லை. நான் லித்துவேனியாவில் நின்றிருந்தால் இந்த மனுசன் இப்ப எங்கை? ஆர் ஓடியிருப்பினம்? செத்திருப்பார். அவ்வளவுதான். போக ஏலாது. கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும்.

இதை எழுதியதும் நெஞ்சு இலேசாகிவிட்டது. அதுவும் பயமாக இருக்கிறது.

08.12.2024, ஞாயிறு

லியோன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாக்கிறேற் மச்சாள் கரம்பனிலிருந்து பார்க்க வந்திருந்தார். இருவருக்கும் முன்னால் சொன்னேன், நான் போகவில்லை என்று.

மகிழ்வார் என்று நினைத்தேன். லியோன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"என்னைச் சாட்டி நிக்காதையும்."

"உங்களுக்காகத்தான் நிக்கிறன்."

"இல்லை. பயத்திலை நிக்கிறீர். பயம் எண்டால் பயம் எண்டு சொல்லும். என்ரை காய்ச்சலிலை போடாதையும்."

அவர் விடவில்லை.

"நடுப் பாலத்திலை எனக்கு முழிப்பு வந்தது. நீர் குழறிக் குழறி ஓடினது கேட்டது. நான் நினைச்சன், இவ இப்ப நிப்பாட்டப் போறா எண்டு. நிப்பாட்டேல்லை."

"அண்டைக்கு வேறை வழி இல்லை."

"இப்ப இருக்கோ?"

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இஞ்சை வந்து இருக்கிறன் அன்ரா. கரம்பனிலை அந்தப் பெரிய வீட்டுக்குள்ளை சுவரோடைதானே கதைக்கிறன். இந்தக் குழாய் மாத்திறதைச் சொல்லித் தருவினமோ?"

"கிளினிக்கிலை தருவினம்" என்றாள் நிலக்சனா. "நானும் பழகுறன் மாமி."

போகவில்லை என்று சொல்லக் கொழும்புக்கு இன்னும் எடுக்கவில்லை.

16.01.2025, வியாழன்

விசா வந்துவிட்டது. மச்சாள் உடுப்புப் பெட்டியோடு வந்த பிறகு, கொழும்புக்கு எடுத்து வருகிறேன் என்று சொன்னேன்.

09.02.2025, ஞாயிறு. கட்டுநாயக்க

புறப்படும்போது லியோன் அழவில்லை. "அலுமாரித் திறப்பு எங்கை வைச்சனீர்?" என்று மட்டும் கேட்டார். திறப்பு அவருடைய கைக்குள்ளேயே இருந்தது.

நிலக்சனா கேற்றடிக்கு வரவில்லை. குசினி யன்னலில் நின்றாள்.

22.03.2025, சனி. கௌனாஸ்

பயிற்சி ஆறாவது கிழமை. மீன்பெட்டிக்குள் போடுகிற ஐஸ் மாதிரி றோட்டு. இன்று வேண்டுமென்றே வழுக்க விட்டுப் பழக்கினார்கள். றக் என் சொல்லைக் கேட்காமல் தன்பாட்டில் சுற்றியது. பயிற்றுநர் போனில் ஏதோ சொல்லித் தமிழில் மாற்றிக் காட்டினார்: "பிரேக்கை மிதிக்க வேண்டாம். பயப்படலாம்." பயப்படலாமாம்.

வீட்டில் நிலக்சனா முதல் தரம் தானே குழாய் மாற்றினாளாம். பக்கத்தில் நின்ற மச்சாள்தான் மயங்கி விழுந்தாராம்.

05.06.2025, வியாழன்

முதல் தடவை தனியே றக் ஓடினேன். வார்சோ வரைக்கும். ஒன்பது மணித்தியாலம். கதவைப் பெல்ற்றால் கட்டிவிட்டுப் படுத்தேன். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் நித்திரை இல்லை.

18.09.2025, வியாழன். போலந்து, நெடுஞ்சாலைத் தரிப்பிடம்

இன்று லியோனுக்குக் கிளினிக். ஓய்வு நேரம் நாற்பத்தைந்து நிமிடம். தொடங்கியதும் எடுத்தேன். பதில் இல்லை. மச்சாளுக்கு எடுத்தேன், இல்லை. நிலக்சனா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். திரும்ப லியோனுக்கு. இல்லை. எட்டுத் தரம் எடுத்தேன். காய்ச்சலோ? திரும்ப அடைத்துவிட்டதோ? ஆஸ்பத்திரியிலோ? இங்கேயிருந்து நான் என்ன செய்ய? இறங்கி றக்கைச் சுற்றி நடந்தேன். ரயரை உதைத்துப் பார்த்தேன். நல்ல ரயர்தான்.

ஒன்பதாவது தரம் எடுத்தார். காற்று இரைந்தது.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"பண்ணைப் பாலத்திலை. கிளினிக் முடிஞ்சு வாறன்."

"ஆரோடை?"

"ஆரோடையும் இல்லை. நான்தான் ஓடுறன்."

பழைய ஸ்கூட்டர் ஒன்றுக்குப் பக்கச் சில்லு இரண்டு பூட்டி, பிரேக்கைக் கைக்கு மாற்றி, இரண்டு மாதமாக அல்லைப்பிட்டி ஒழுங்கைகளில் ஓடிப் பழகியிருக்கிறார். அவரும் மச்சாளும் நிலக்சனாவும் சேர்ந்து எனக்கு மறைத்திருக்கிறார்கள்.

"ஆரைக் கேட்டுப் பாலத்துக்கு ஏத்தினீங்கள்?"

"நீர் ஆரைக் கேட்டு விண்ணப்பம் போட்டனீர்?"

எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பாலத்தில் இப்போது தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று. பக்கவாட்டில் அடிக்கும். பஸ் முந்தும்போது ஸ்கூட்டரை இழுக்கும்.

"பயமாக் கிடக்கு அன்ரா" என்றார். "போகேக்கை ஒண்டும் தெரியேல்லை. இப்பதான். ஓரமா நிப்பாட்டிப்போட்டு இருக்கிறன். உமக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். இண்டைக்கும்."

ஒரு பஸ் அவரைக் கடந்து போகும் சத்தம் கேட்டது.

"போனைச் சட்டைப் பையுக்கை போடுங்கோ" என்றேன். "நிப்பாட்டாதேங்கோ. கடலைப் பாக்காதேங்கோ. மெதுவா வெளிக்கிடுங்கோ."

ஸ்கூட்டர் கிளம்பியது. காற்று, இயந்திரச் சத்தம், சட்டைத் துணி உரசும் சத்தம். இடையில் ஏதோ முணுமுணுத்தார். செபமோ, கம்பத்தை எண்ணினாரோ, தெரியவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு றக் படியில் இருந்தேன். பக்கத்து றக்குக்காரர் வந்து ஏதோ கேட்டார். பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன். போய்விட்டார்.

பிறகு சத்தம் நின்றது. எங்கள் வீட்டுக் கேற் கிறீச்சிட்டது. மச்சாளின் குரல், தூரத்தில், "வந்திட்டானோ" என்றது.

ஓய்வு முடிந்து பதினொரு நிமிடம் பிந்தித்தான் றக்கை எடுத்தேன்.