கவிதாவின் பட்டியலில் மூணாவது பேரு

செவ்வாய், ஆடி 9

என்கிட்ட தையல் கத்துக்கிட்ட கவிதாவுக்கு இப்போ தர்மபுரியில மூணு தையல் யூனிட். வயித்தெரிச்சலோடதான் இன்னைக்குப் போய்ப் பார்த்தேன்.

"ஆளுக்காக நான் அலையறதே இல்லீங்கக்கா. சாஃப்ட்வேரே விண்ணப்பம் வாங்கி வரிசைப்படுத்திக் குடுத்துடுது"ன்னு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா.

சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பிச்சவங்க பட்டியல். மூணாவது பேரு என் வூட்டுக்காரரோடது. பென்னாகரத்துல என்னோட ஆறு மிஷினையும் பார்த்துக்கற மனுஷன்.

கவிதாவும் பார்த்துட்டா. சட்டுன்னு அந்தப் பக்கத்தை மூடிட்டு, "டீ குடிங்கக்கா"ன்னா. அவ பெருமை பீத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

ராத்திரி வூட்டுல அவருக்குச் சாப்பாடு போடறப்போ, "கவிதா சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கறாளாமுங்க"ன்னேன்.

"எடுக்கட்டும்"னு சொல்லிட்டுக் கை கழுவ எழுந்துட்டாரு. தட்டுல பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு.