முந்தானையில் பதியாத டேக்

12-10-2008, ஞாயிறு

அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அவர் வேலை பார்க்கும் பட்டுக்கடைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. புடவையில் வைக்கும் டேக்கில் அது தொடாமலே, ரேடியோ அலையால் எண்ணைப் பதிக்கும். ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்ல இன்று என்னையும் கூட்டிப்போனார். நானே கம்ப்யூட்டரோடு இணைத்தேன். தனி டேக்கில் உடனே பதிந்தது. வழக்கமாகச் சீட்டு செருகும் முந்தானை மடிப்பில் வைத்தால் பதியவே இல்லை.

“அப்பனுக்கும் வரல, பொண்ணுக்கும் வரல. தீபாவளிக்குள்ள முடிக்கலன்னா வேற ஆள வெச்சிக்கிறேன்பா” என்றார் முதலாளி.

காரணம் கையேட்டிலேயே இருந்தது. உலோகத்தின் மேல் வைத்தால் பதியாதாம். ஜரிகை வெள்ளிதானே! சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த புடவையின் முந்தானையில் பதிந்தது. அதற்கடுத்ததிலும்.

“பார்த்தியாமா, வேல செய்யுது!” அப்பா சிரித்தார்.

அந்த இரண்டிலும் ‘அசல் வெள்ளி ஜரிகை’ என்று சீட்டு இருந்தது. கையேட்டு வரியை அவர் காதோடு படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“இன்னாமா போட்டுக்குது புக்ல?” என்று முதலாளி கேட்டார்.

“ஒண்ணும் போடலீங்க. எனக்குத்தான் மெஷின் பிடிபடல” என்று அப்பா முந்திக்கொண்டார்.

வரும் வழியில், டேக்கை ஜரிகை இல்லாத இடத்தில் வைக்கலாமே என்றேன்.

“ஏன்னு கேப்பாரும்மா. சொன்னா அந்த ரெண்டு புடவையில இருக்கறது பிளாஸ்டிக் ஜரிகைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் என்னை வெச்சிக்கினு இருப்பாரா?”

நாளைக்கும் முந்தானையில்தான் வைக்கப்போகிறார். பதியாது.