அப்பாவின் தாடை

மார்ச் 4

பல் டாக்டரிடம் போனது ஒரு கடைவாய்ப் பல்லுக்காக. முழு வாய்க்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை எலும்பில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். ஈறுக்குள் முளைக்காமல் படுத்துக்கிடக்கும் உபரிப் பற்கள் வேறு. வலது தாடையில் கல் மாதிரி இருக்கும் புடைப்பைத் தொட்டு, எவ்வளவு நாளாக என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சொத்து, டாக்டர்; அப்பாவுக்கும் இருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்குக் குடல்ல ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் அப்பா போனது குடல் புற்றுநோயில்தான். நாற்பத்திரண்டு வயதில்.

மார்ச் 5

கடையில் வேலை ஓடவில்லை. மூக்குக்கண்ணாடி விற்கிறவளுக்கு நாள் முழுக்க அடுத்தவர் முகம்தான். கம்பியைக் காதுக்கு ஏற்ப வளைத்து, நேராக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லார் முகமும் கொஞ்சம் கோணல்தான். நான் என் கோணலைப் பெருமையாக வைத்திருந்தேன். சின்ன வயதில் அப்பா கட்டைவிரலால் என் தாடையைத் தடவி, இது என் பொண்ணு, முத்திரையே குத்தியிருக்கு என்பார். தங்கைக்குப் புடைப்பு இல்லை. அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். ஒருநாள் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எனக்கும் வந்துடுச்சுப்பா என்று போய் நின்றாள். அப்பா தடவிப் பார்த்து, ஆமாம் என்றார். அது கரையும்வரை அவர் மடியைவிட்டு இறங்கவில்லை.

மார்ச் 19

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு படத்தைக் காட்டினார்கள். சின்னச் சின்ன மொட்டுகள், எண்ணி மாளாது. இன்னும் புற்றாகவில்லை. விட்டுவைத்தால் ஆகும், பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்றார் குடல் டாக்டர். தாடையில் இருப்பது வெறும் எலும்பு, அதனால் ஆபத்தில்லையாம். உள்ளே இருப்பதற்கு அது வெளி அடையாளம், அவ்வளவுதான்.

அப்பா கொஞ்சியது இதைத்தானா? பாவம், அவருக்கும் தெரியாதே.

ஏப்ரல் 12

என் மரபணுவில் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. தங்கை ரத்தம் கொடுத்தால், அவளுக்கு உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். கேட்டதும் சிரித்தாள். "எனக்குத்தான் கல்லு இல்லையே அக்கா." அம்மாவும் கூடச் சேர்ந்து தலையாட்டுகிறாள். புடைப்பு இல்லாதவர்களுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 13

கோபம் கோபமா வருது. அப்பாவும் இப்படித்தான் — ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே போய்ச் சேர்ந்தார். இன்னும் எத்தனை பேரை வாரிக் கொடுக்கணும் நான்?

ஏப்ரல் 20

தங்கை போனில் அழுதாள். "கல்லு இல்லைங்கிறதெல்லாம் சும்மா சொன்னதுக்கா. எனக்கு இருந்தா பாப்பாவுக்கும் இருக்குமோன்னு பயம்." அவள் குழந்தைக்கு இப்போதுதான் இரண்டு வயது. இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 21

ரத்தம் கொடுத்துவிட்டாள். என் கையைத்தான் நசுக்கிவிட்டாள்.

மே 16

இல்லை. அவளுக்கு இல்லை. அதனால் பாப்பாவுக்கும் பயமில்லை.

அம்மா டாக்டர் முன்னாலேயே அழுதாள். தங்கைக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள், "அப்பாகிட்டேருந்து எனக்கு ஒண்ணுமே வரலைல்ல" என்றாள். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டேன்.

நிம்மதிதான். பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

மே 29

நாளைக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

ஜூன் 8

எழுந்து உட்கார முடிகிறது. எடுத்த குடலைச் சோதித்ததில் எங்கும் புற்று இல்லையாம். அப்பாவுக்கு இப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்றாள். வலது கன்னம் புடைத்திருந்தது.

"எனக்கும் வந்துடுச்சு" என்றாள், வாய் குழற.

சிரித்தால் தையல் இழுக்கும். சிரிக்காமல், கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஆமாம் என்றேன். அது கரையும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.