நோம்பு மயக்கம்

சேரன்மகாதேவி,
ரமலான் கடைசிப் பத்து.

அன்பு மச்சான் அம்மார் அவர்களுக்கு ரைஹானத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கடல் தாண்டி இருக்கும் உங்களை அல்லாஹ் ஒரு குறையும் வராமல் காக்க வேண்டும். இங்கே நானும் நம் மகள் முஃபீதாவும் என் உம்மாவும் சுகம். என் வாப்பாவின் சுகத்தைக் கீழே எழுதுகிறேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று சிரிப்பீர்கள். ஃபோனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. தம்மாமில் உள்ள டவர் எல்லாம் என் குரலைக் கேட்டால் மட்டும் படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அதனால்தான், லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறும் நம் தெரு சல்மான் ஃபாரிஸ் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தை உங்களால் கட் பண்ண முடியாது.

ஒரு வேண்டுகோள். இதை மனசுக்குள் வாசிக்காதீர்கள். உங்களோடு ஒரே அறையில் இருக்கும் சதாம் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, உரக்க வாசியுங்கள். ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் அவர் உம்மாவின் செய்தியும் இதில் இருக்கிறது. அது கடைசியில்தான் வரும். அதுவரை அவர் எழுந்து போகக் கூடாது, நீங்களும் பக்கத்தைத் தாண்டக் கூடாது.

முஃபீதா முப்பது நோன்பும் பிடிப்பேன் என்று அடம் பிடிக்கிறாள். மத்தியானம் ஆனதும் அடுக்களைக்குள் பைய நுழைந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். கேட்டால் பல் விளக்கினாளாம். யார் பிள்ளை, பொய் சொல்லக் கேட்கவா வேண்டும்.

வாப்பாவுக்கு நடந்ததை உங்களிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். முழுசாகக் கேளுங்கள். நோன்பு பிறந்ததுமே அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரை, காலையில் சாப்பாடே இல்லை, அப்புறம் மாத்திரை எதற்கு என்பது அவர் நியாயம். அது நடந்த அன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து நன்றாகப் பேசிவிட்டுத்தான் படுத்தார். சாயங்காலம் அசருக்கு எழுந்து வீட்டிலேயே தொழ நின்றார். நான் கதவோரம் மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தேன். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டக் கையைத் தூக்கினார். வலது கை காதுவரை போனது. இடது கை இடுப்புக்கு மேலே வரவில்லை. ஒரு கை வரவில்லை என்பது அவருக்கே தெரியவில்லை மச்சான்.

தொழுதுவிட்டுத் திரும்பி ஏதோ கேட்டார். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. நான் பதறிப்போய் உம்மாவைக் கூப்பிட்டேன். உம்மா வந்து பார்த்துவிட்டு, “ஏளா, எதுக்கு இந்தக் கத்து கத்துத? நோம்பு மயக்கம். பாங்கு சொல்லட்டும், ரெண்டு வாய் கஞ்சி உள்ள போனாத் தெளிஞ்சிரும்” என்றாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டாரும் அதையே சொன்னார்கள். மயக்கம் என்று ஒரு பெயரை வைத்துவிட்டால் யாருக்கும் பயம் வருவதில்லை. அவரைப் படுக்கவைத்து விசிறிக்கொண்டு, எல்லோரும் நோன்பு திறக்கும் பாங்குக்காகக் காத்திருந்தோம். பள்ளியில் பாங்கு சொன்னது. உம்மா கஞ்சியை வாயில் ஊற்றினாள். அது அப்படியே இடது கடைவாய் வழியாகச் சட்டையில் வழிந்தது. புரையேறிக் கண் சொருகியது. அப்புறம்தான் உம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் பத்தமடை தாண்டும்போது அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். தூங்குகிற பிள்ளையின் கை மாதிரி துவண்டு கிடந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ரெனிஷா, உவரிப் பக்கத்துப் பெண், வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாவ?” என்பதுதான். அசருக்கு என்று உம்மா சொன்னாள். அசருக்கே கை வரவில்லை, லுஹருக்குப் பிறகு படுக்கும்போதுதான் நல்லா இருந்தார் என்று நான் சொன்னேன். அப்படியானால் அந்த நேரத்திலிருந்துதான் கணக்கு என்றார். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் பாங்குக்காகக் காத்திருந்த நேரத்தில் அது போய்விட்டது.

டாக்டர் உம்மாவைத் திட்டவில்லை. இந்த மாதிரி இருக்கிறவருக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று மட்டும் சொன்னார். கொஞ்ச வருஷம் முன்னால் என்றால் இதோடு கையை விரித்திருப்பார்களாம். இப்போது பல நாடுகளில் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்களாம். மூளையில் செத்துப்போனது எவ்வளவு, ரத்தம் கிடைக்காமல் தவித்துக்கொண்டு இன்னும் உயிரோடு இருப்பது எவ்வளவு என்று ஸ்கேனில் பிரித்துப் பார்க்க முடியுமாம். உயிர் மிச்சம் இருந்தால் நேரம் கடந்து வந்தவர்களிலும் சிலருக்கு, ஒரு நாள் வரைக்கும்கூட, தொடை வழியாகக் கம்பியை விட்டுக் கட்டியை இழுத்துவிடலாமாம். வாப்பாவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். “ஒங்க வாப்பாவுக்கு நல்ல நேரம். எல்லாருக்கும் இப்படி மிச்சம் இருக்காதும்மா” என்றார். வாப்பா இப்போது பேசுகிறார், பிடித்துக்கொண்டு நடக்கிறார். இடது கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. தொழும்போது வலது கையால் இடது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். உம்மா அதைப் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விடுகிறாள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். குரலைத் தாழ்த்தாமல் வாசியுங்கள்.

முந்தாநாள் வீடியோவில் வந்தீர்கள். பெருநாளைக்கு என்ன வேண்டும் என்று மகளிடம் கேட்க வாயெடுத்தீர்கள். மு, மு என்கிறீர்கள், பெயர் வரவில்லை. பெற்ற பிள்ளையின் பெயர் மச்சான்! சிரித்துச் சமாளிக்கப் பார்த்தீர்கள், உதட்டின் ஒரு பக்கம்தான் சிரித்தது. ஃபோன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் அறை ஃபேன் சுற்றுவதுதான். தன் வாப்பா விளையாடுகிறார் என்று முஃபீதா கைதட்டிச் சிரித்தாள். நான் கத்தியது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்து வந்து, “ஒண்ணுமில்லளா, நோம்பு மயக்கம்” என்றீர்கள். உம்மா சொன்ன அதே சொல்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். போனால் எழுதிவைப்பார்கள், எழுதிவைத்தால் கம்பெனிக்காரன் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவான் என்றீர்கள். சதாம் காதில் விழுந்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடும், மூச்சுவிடாதே என்று என்னிடம் சத்தியமும் வாங்கினீர்கள். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை மச்சான், சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். நீங்கள்தான் இப்போது உங்கள் வாயாலேயே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா. சதாம் தம்பி, காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, மீதியை நீங்கள் வாசியுங்கள்.

தம்பி, உங்கள் உம்மா மஹ்மூதா பீவி நேற்று என் வாப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, முஃபீதாவின் கம்மலில் கல் விழுந்ததைக்கூடக் கண்டுபிடிக்கிறார்கள். நான் அழுது வீங்கிய முகத்தோடு இருந்தேன், விடாமல் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். அவர்களிடம் சொல்ல மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அவர்கள் உங்களுக்குச் சொல்லி அனுப்பிய செய்தி இதுதான்: “ஏலே சதாமு, அம்மாரு ஒனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. அவன் முறைச்சாலும் வைதாலும் கேக்காத. கையப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போ. போனேன்னு நீ சொன்னாத்தான் எனக்குப் பெருநாச் சோறு எறங்கும்.”

இவருக்கு வந்ததைச் சொல்லி டாக்டர் ரெனிஷாவிடமும் கேட்டேன். தானாகச் சரியாகிவிட்டதே, இனி பயமில்லையே என்றேன். “மறஞ்சுபோச்சுன்னு சந்தோசப்படாதீங்க. பெருசா வாறதுக்கு முன்னால வந்து தட்டிட்டுப் போறது அது. அடுத்த சில நாள்தான் ரொம்ப ஆபத்து. இப்பவே போனா ஸ்கேன் பாத்து, நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புதான்னு பாத்து, பெருசா வராம மருந்திலயே தடுக்க வழி இருக்கு. பாக்காம மாத்திரை எதையும் தானா போடப்படாது” என்றார். பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றிக்கொள்ளலாம், டாக்டரிடம் கேட்டால் போதும் என்றும் சொன்னார். உங்கள் அம்மார் அண்ணனுக்கும் பிரஷர் மாத்திரை உண்டு, அவரோ சஹருக்கு எழாமல் தூங்குகிறவர். மாத்திரை போட்டாரா என்று நான் யாரிடம் கேட்பேன்?

தம்பி, அவரை உங்கள் முன்னால் நிறுத்துங்கள். சிரிக்கச் சொல்லுங்கள். தக்பீர் கட்டுவது போல இரண்டு கையையும் காதுவரை தூக்கச் சொல்லுங்கள். முஃபீதா என்று சொல்லச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தடுமாறினாலும் பாங்குக்குக் காத்திருக்காதீர்கள், கஞ்சி கொடுக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூன்றும் சரியாக வந்தாலும் இப்போதே கிளப்பிக்கொண்டு போங்கள். கடைசியாக எப்போது நல்லா இருந்தார் என்று அங்கே கேட்பார்கள். வாப்பாவுக்காகப் பதில் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். இவருக்கு அங்கே உங்களை விட்டால் யாரும் இல்லை.

மச்சான், நான் உங்களை ஏமாற்றித்தான் வாசிக்கவைத்தேன். கோபம் வந்தால் வைது தீர்த்துக்கொள்ளுங்கள், ஒரு சொல்லும் குழறாமல் வையுங்கள், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். சாவி போனால் போகட்டும். அந்த லாரியோடு நெடுஞ்சாலையில் போகும்போது உங்கள் கை நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்கு அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முஃபீதா தன் பெயரை நீங்கள் மறந்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லி ஒரு குரல் அனுப்புங்கள். அது வரும்வரை ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

பெருநாள் தொழுகைக்கு நீங்கள் நிற்கும்போது உங்கள் இரண்டு கையும் ஒன்றாகக் காதுவரை உயர அல்லாஹ் அருள்வானாக. ஆமீன் சொல்லுங்கள் மச்சான், சதாம் கேட்கும்படி.

வஸ்ஸலாம்.
உங்கள் ரைஹானத்