இவர் குறைத்து வைத்த சத்தம்

பங்குனி 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். உடுப்பு காயாது. ரேடியேற்றரில் நான்கு சட்டை, மகள் வதனியின் பள்ளிக்கூடச் சட்டையும் சேர்த்து.

நேற்று இவருடைய அந்தியேட்டி முடிந்தது. இவர் போய் முப்பத்தொரு நாள். ஐயருக்கு வேட்டி, குடை, செருப்பு எல்லாம் கொடுத்தாயிற்று. சனம் சாப்பிட்டுப் போய்விட்டது. மிச்சம்: பருப்பு ஒரு சட்டி, வடை பதினொன்று. அடுத்த வீட்டு வெள்ளைக்கார மனுசிக்கு வடை நான்கு கொடுத்தேன்.

இந்த டயறி இவருக்குக் கடைக்காரர் கொடுத்தது. ஒரு எழுத்தும் எழுதவில்லை. வீணாய்க் கிடக்கிறது. எனக்கு ஐந்தாம் வகுப்பு எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்றைக்கு இவருடைய அலுமாரியைத் திறந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த காலத்தில் அமெரிக்க வானொலி கேட்டுப் பழகியவர். லண்டன் வந்து ஸ்டேஷனில் வேலை, சனிக்கிழமையில் சந்தை. பழைய இசைத்தட்டு வாங்குவார். அமெரிக்காக்காரரின் தட்டு மட்டும். பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்து, ஒவ்வொரு உறையின் மூலையிலும் வெள்ளைத் துண்டு ஒட்டி, மைப்பேனையால் ஆண்டு போட்டு வைத்திருந்தார்.

துண்டு இருக்கிறது. ஆண்டு இல்லை. எல்லாம் நீல அழுக்கு.

மச்சாள் செய்த வேலை. புஷ்பம், இவருடைய தங்கை. எட்டுச் செலவுப் படையலுக்கு முதல் நாள் வீடு கழுவியவள். ஒவ்வொரு உறையையும் மஞ்சள் தண்ணீர்த் துணியால் துடைத்து, நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறாள். சிவப்பெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம். சேலைக்கடை மாதிரி.

மச்சாளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"துடக்கு வீடு மச்சாள். செத்தவர் தொட்ட சாமானைத் துடைக்காமல் விடுறதே?"

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு."

"நான் ஊத்தை எண்டெல்லோ நினைச்சன். சரி, இனி ஆர் அதைக் கேக்கப் போயினம்? நீங்களோ?"

போனை வைத்தேன்.

மார்கழியில் நெஞ்சு நோ வந்து வேலையால் நின்றவர். தை பிறந்ததும் சொன்னார், முதல் தட்டில் தொடங்கிக் கடைசித் தட்டு வரைக்கும் ஒழுங்காய்க் கேட்கப் போகிறேன் என்று. நாளுக்கு ஒன்று. கோயிலில் புராணம் படிக்கிற மாதிரி. தொடங்கினால் முடிக்க வேண்டும். ஒரு மாதம் போகவில்லை, ஆள் போய்விட்டார்.

எதில் நின்றார் என்று தெரியவில்லை. அது தெரிந்தால் மிச்சத்தை நான் இருந்து கேட்டு முடிப்பேன். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

பங்குனி 4, திங்கள்

ஷிப்ட், கட்டடம் துடைக்கிற வேலை. லிப்ற் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி நடை. வாளியோடு.

முப்பத்தொரு நாளும் றேடியோ, ரீவி ஒன்றும் போடவில்லை. இன்றைக்கு இவருடைய பாட்டுப் பெட்டியில் ஒரு தட்டைப் போட்டேன். தட்டு சுற்றுகிறது, சத்தம் இல்லை. பழுது என்று நினைத்தேன். காதைக் கொண்டுபோய் வைத்தால் கேட்கிறது. சாடையாக. சத்தக் குமிழைப் பார்த்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

இவர் வைத்தபடியே. வீடு முழுக்கத் துடைத்தவர்கள் இதைத் திருப்பவில்லை.

தை மாதம் நடுவில் ஒரு நாள். வேலையால் வந்து இரண்டு மணிக்குப் படுத்தேன். ஹோலில் ஒரே ஊதல். இருபது பேர் சேர்ந்து ஊதுகிற மாதிரி. அறைக்குள் இருந்து கத்தினேன்.

"நான் விடியப்புறம் எழும்பிப் போறவள். ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ள விடுறீங்களோ?"

"சரியப்பா, சரி. படும்."

அடுத்த நாளில் இருந்து சத்தம் கேட்கவில்லை. நல்ல நித்திரை.

இவர் போன அன்றைக்கும் நல்ல நித்திரைதான். எழும்பி வர, தட்டு சும்மா சுற்றிக்கொண்டு இருந்தது. ஊசி நடுவில் நின்று டிக், டிக் என்றது. இவர் கதிரையில். தேத்தண்ணீர் பாதி.

குமிழைத் தொடவில்லை. காதை வைத்துத்தான் கேட்கப் போகிறேன்.

பங்குனி 6, புதன்

வதனியை இருத்தி உறைகளை வாசிக்கச் சொன்னேன். அவளுக்குப் பதினாறு. இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி.

"அம்மா, இது செவன்ரி ஃபோர். இதுவும் செவன்ரி ஃபோர். இது செவன்ரி சிக்ஸ்."

"எல்லாத்தையும் ஒரே மூச்சிலையோ பாடினவை?"

"இல்லையம்மா, பழசைத் திருப்பி அடிச்சிருக்கினம். இது அடிச்ச ஆண்டு. பாட்டு எந்த ஆண்டெண்டு போடேல்லை."

"அப்பா என்னெண்டு அறிஞ்சவர்?"

"புத்தகம் வாசிச்சு. காதாலை கேட்டு. எனக்கு ஏலாதம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை ரெஸ்ற்."

போய்விட்டாள். அறைக்குள் அவளுடைய கசெற்றின் டக்கு டக்கு.

சரி, காதால் பார்ப்போம். புராணம் படிக்கிற இடத்தில் ஒருவர் படிக்க ஒருவர் பயன், அதுதான் பொருள், சொல்லுவார். இவர் தட்டையும் போட்டு, ஹோலில் இருந்து எனக்குப் பயனும் சொல்லுவார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு "ஓம், ஓம்" என்பேன். நினைவில் நிற்கிறவை:

- வயலில் கறுப்புச் சனம் வேலை செய்துகொண்டு பாடினது. ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பின்னுக்கு வந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதானாம். தட்டில் எண்ணெய் பொரிகிற இரைச்சல்.

- தெருவில் ஊதுகிறது. பிரேதத்தோடு போகும்போது மெதுவாக. திரும்பி வரும்போது ஆட்டம். "செத்தவீட்டிலை ஆட்டமோ?" என்று கேட்டேன். "எங்கடை பறைமேளக்காரர் ஆடாமலே அடிச்சவை?" என்றார்.

- இருபது பேர் ஊதுகிறது. திருவிழாவில் நாலைந்து கூட்டம் சேர்ந்து வாசிக்கிற மேளச் சமா மாதிரி. சோடி சோடியாய் ஆடுவதற்கு. உலகச் சண்டைக்கு முந்தியது.

- சண்டைக்குப் பிறகு நாலைந்து பேர். ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள், பிறகு வந்து சேருவார்கள். ஆட ஏலாது, இருந்து கேட்கத்தான்.

- கிறிஸ்தவரின் வேதக் கோயில் பாட்டு வெளியே வந்து காதல் பாட்டானது. கிற்றாருக்குக் கறன்ற் கொடுத்தது. எது முதல், எது பின்? மறந்துவிட்டது.

- வயலின் கூட்டம். கன காலம் ஐரோப்பாக்காரரைப் பார்த்து எழுதினார்களாம். பிறகுதான் தங்கள் ஊர் மாட்டுக்காரர் பாட்டையும் தெரு ஊதலையும் எடுத்துச் சொந்தமாய் எழுதினார்களாம். இவர் இதையும் ஆட்டப் பாட்டுகளோடு ஒரே இறாக்கையில் வைப்பார். "மேளக்கச்சேரியும் சின்னமேள ஆட்டமும் ஒரே இடத்திலையோ?" என்று பகிடி பண்ணினேன். "ரெண்டும் ஒரே திருவிழாவிலைதானே நடக்குது?"

அவ்வளவுதான். மிச்ச நேரம் தேங்காய் துருவினேன்.

பங்குனி 8, வெள்ளி

விரதம். மரக்கறி மட்டும். வாங்க: பால், உப்பு, கழுத்துக்குப் பூசுகிற தைலம்.

பெட்டியில் காதை வைத்து வைத்துக் கழுத்துப் பிடித்துவிட்டது. ஆனால் பொரிகிற சத்தக்காரர் ஒரு பக்கம் வந்துவிட்டார்கள். ஊதுகிறவர்கள் ஒரு பக்கம். கிற்றார் ஒரு பக்கம். வயலின் கூட்டத்தைத்தான் எங்கே செருகுவது என்று தெரியவில்லை.

உறைக்குள் சரியான தட்டு இருக்கிறதா என்றும் பார்த்தேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. உறையில் உள்ள எழுத்தும் தட்டின் நடுவில் உள்ள எழுத்தும் ஒரே உருவமா என்று விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்று பொருந்தவில்லை. மாட்டுப் படம் போட்ட உறையில் இரண்டு தட்டு. ஒன்று மாட்டுடையது. மற்றது வேறு. வெறும் உறை ஒன்று பின்னுக்குக் கிடந்தது, வெள்ளையில் கறுப்புக் கோடு மட்டும். அதற்குத்தான் பொருந்தியது.

பின்னேரம் மச்சாள் பிட்டோடு வந்தாள். கேட்டேன்.

"ஓம், நான்தான். வீடு கழுவின அண்டைக்குப் பெட்டியிலை கிடந்ததை எடுத்து, கையிலை அம்பிட்ட மட்டைக்குள்ளை வைச்சன். மாட்டுப் படம். உள்ளை இருந்தால் சரிதானே?"

அப்போ இதுதான். இவர் கடைசியாகக் கேட்டது. போட்டேன். இரண்டு பேரும் தலை குனிந்து பெட்டியில் காதை வைத்தோம்.

பியானோ. நாலு சத்தம். திரும்ப அதே நாலு சத்தம். திரும்பவும் அதே.

"மச்சாள், தட்டுக் கீறிப் போச்சு. ஒரே இடத்திலை நிண்டு சுத்துது."

கீறவில்லை. ஊசி நகருகிறது. கன நேரம் கேட்டால் நாலு சத்தம் ஐந்தாகியிருக்கிறது, எப்போது ஆனது என்று தெரியாது. தகரத்தில் மழைத் தண்ணீர் சொட்டுகிற மாதிரி.

"இதைக் கேட்டுக்கொண்டோ என்ரை அண்ணை போனவர்?" என்று மச்சாள் சிரித்தாள். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பிட்டுக்குச் சம்பல் அரைத்தேன்.

ஆனால் இவர் சொன்ன பயன் ஒன்றுக்குள்ளும் இந்தத் தட்டு அடங்கவில்லை. ஊதலுக்குப் பிறகு இதுவா? நம்ப ஏலாது.

பங்குனி 9, சனி

காற்று. குடை ஒரு கம்பி போய்விட்டது.

வதனியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். இவர் தட்டு வாங்குகிற கடைக்காரர் லென். வெள்ளைக்காரக் கிழவர், வாயில் எந்த நேரமும் பெப்பர்மின்ற் மிட்டாய். இவர் இல்லை என்று வதனி சொல்ல, தொப்பியைக் கழற்றினார். அவருக்குத் தெரியாது. இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாராம் இவருக்கு.

வெள்ளை உறையைக் கொடுத்தேன். வதனி மொழிபெயர்த்தாள்.

"அம்மா, இது கடைசி இறாக்கையாம். செவன்ரீஸ். அமெரிக்காவிலை கிளாசிக்கல் எழுதுற ஆக்கள் ஆபிரிக்கா மேளம், எங்கடை பக்கத்துச் சங்கீதம் எல்லாம் கேட்டிட்டு இப்பிடி எழுதினவையாம்."

"அப்ப அப்பா எல்லாம் கேட்டு முடிச்சிட்டாரோ? கேள்."

லென் கன நேரம் கதைத்தார். வதனி நிலத்தைப் பார்த்தாள்.

"என்னடி?"

"முடிக்கேல்லையாம். பெரிய பாண்டோடை நிண்டிட்டாராம். தேர்ட்டீஸ். அந்த இருபது பேர் ஊதுறது."

"ஏனாம்?"

"அது சத்தம் குறைச்சுக் கேக்கிறதில்லையாம். குறைச்சால் ஒண்டும் இல்லையாம். அப்பா இஞ்சை வந்து கேட்டவராம், மனிசி பின்னேரம் படுக்கிறவ, அவ எழும்பாத மாதிரி ஒரு தட்டுத் தாரும் எண்டு. லென்தான் இதைக் குடுத்தவர். ஒவ்வொரு நாளும் இதைத்தான் போடுறன், மனிசி நல்லா நித்திரை கொள்ளுறா எண்டு அப்பா போறதுக்கு முதல் கிழமை வந்து சொன்னவராம்."

"பெரிய பாண்ட்?"

"உங்கடை ஷிப்ற் மாறினாப் பிறகு கேக்கலாம் எண்டவராம்."

லென் என் கையில் ஒரு பெப்பர்மின்ற் வைத்தார். தாங்க்யூ என்றேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

பஸ்ஸில் திரும்பினோம். பிளேஸ்டோ நிறுத்தம் வர வதனி சொன்னாள்: "என்ரை கசெற்றையும் கடைசியிலை வைக்க வேணும் எண்டு அப்பா சொன்னவர்."

"அந்தக் கத்துறதோ?"

"கத்துறேல்லை, தாளத்துக்குப் பேசுறது. அதுவும் அமெரிக்காதான். அதுவும் அந்த முதல் தட்டிலை இருந்துதான் வந்ததாம்."

"சரி, வைப்பம்."

பங்குனி 10, ஞாயிறு

கொஞ்சம் வெயில். உடுப்பு பல்கனியில்.

சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு ஊதுகிறவர்களின் தட்டுகளை எடுத்தேன். அன்றைக்கு நான் கத்தின தட்டு எது என்று நாலாவதில் பிடித்துவிட்டேன். தொடக்கத்தில் மேளம் தனியாய் வரும், பிறகு எல்லோரும் ஒன்றாய் எழும்புவார்கள். அந்த இடத்தில்தான் அன்றைக்கு முழித்தேன்.

லென் சொன்னது சரி. காதை வைத்தாலும் கரப்பான் ஓடுகிற சத்தம்தான்.

குமிழைத் திருப்பினேன். மூன்று. ஐந்து. ஆறு.

யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வதனி ஓடி வந்தாள்.

"அம்மா! பக்கத்து வீடு!"

"ஞாயிற்றுக்கிழமைதானே. ஒருத்தரும் படுக்கேல்லை."

அவள் கதிரையின் கைப்பிடியில் இருந்தாள். நான் கதிரையில் இருந்தேன். தேங்காய் துருவவில்லை.

வெள்ளைத் துண்டு வெட்டி ஒட்டி, வதனியைக் கொண்டு ஆண்டு போடுவித்தேன். குமிழ்முனைப் பேனை. மஞ்சள் தண்ணீருக்கு அழியாது.

ஒரு பக்கம் முடிந்தது. சோறு குழைந்துவிட்டது. திருப்பிப் போட வேண்டும்.